பன்னிரண்டாவது டேக்

பழைய டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலையில் சம்பளம் காதுக்கு, கஷ்டம் வாய்க்கு. கேட்டதையெல்லாம் கேட்காத மாதிரி இருக்க வேண்டும். கவுன்ட்டரில், வார்டில், ரிசப்ஷனில் என்று வாயைக் கட்டிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஷார்ஜாவில் எங்கள் சின்ன ஸ்டுடியோவுக்குப் போன வருஷம் வந்த ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கருவாடு

பெட்டியைக் கொண்டுவந்தவர் சேவியர் அண்ணன். தூத்துக்குடிக்காரர், புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். இளவயதில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் ஆல்பம் போட்டவர். அந்த கேசட் ஒரு காலத்தில் இங்கே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் கேம்பாகச் சுற்றியது. அதில் வரும் கிட்டார் சோலோவுக்காக இன்றைக்கும் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறவர்கள் உண்டு. இப்போது ஒரு கம்பெனி அதை மறுபடி வெளியிடுகிறது. கூடவே, அன்று ரெக்கார்டிங்கில் ஒதுக்கிய, யாரும் கேட்டிராத டேக்குகளும் வரும்.

பழைய டேப் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் உரிந்துவிடும். அதனால் பழம் உலர்த்தும் மெஷினில் மிதமான சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து எடுப்போம். நான் ஒவ்வொரு சுருளாக அடுக்குவதைப் பார்த்த அண்ணன் பதறிப்போனார்.

“தம்பி, முப்பது வருஷமா ஏ.சி.லயே வச்சுக் காப்பாத்துனத நீ கருவாடு மாதிரி காயப் போடுதியே!”

டியூட்டி வேன்

லீவு நாட்களிலும் ஷிப்ட்டுக்கு முந்தின நேரங்களிலும் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் நடந்த ரெக்கார்டிங் அது. முதல் சுருளில் ஒரே பாட்டு ஏழு முறை. ஒன்றும் முடியவில்லை. மூன்றாவதில் வாசல் மணி. ஐந்தாவதில் தண்ணீர் மோட்டார். ஏழாவது பிரமாதமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, டிரம்ஸ் வாசித்தவர் “டியூட்டி வேன் வந்துருச்சுடா!” என்று கத்துகிறார். குச்சிகள் தரையில் உருளும் சத்தம், பிறகு ஓடும் காலடி.

என்னோடு வேலை பார்க்கும் ரஞ்சன் யாழ்ப்பாணத்துக்காரன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்:

“ஐசே, இது பாட்டில்லை, டியூட்டி ரெஜிஸ்டர்.”

பதினோரு தடவை

மூன்றாவது சுருளில்தான் அந்தப் புகழ்பெற்ற சோலோ. சேவியர் அண்ணன் ஆரம்பிக்கிறார், தடுமாறுகிறார், “சாரிடா, இன்னொரு தடவ” என்கிறார். பதினோரு தடவை இப்படி. கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அப்போது இன்னொரு குரல், “இங்க குடுல” என்கிறது. பன்னிரண்டாவது டேக்கில், ஊரெல்லாம் தெரிந்த அந்த சோலோ ஒரே மூச்சில் வந்து விழுகிறது. பழைய கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ‘கிட்டார்: சேவியர்.’

அண்ணனை வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். தரையையே பார்த்தபடி கேட்டார். “அழிச்சிரு தம்பி” என்றார். டேப் அவருடையது, நான் பேச உரிமையில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. “அழிக்க ஒரு நிமிஷம் போதும்ணே. நாளைக்குச் செய்றேனே?” என்றேன். வைத்த டீயைத் தொடாமல் எழுந்தவர், கதவருகே நின்று சொன்னார்:

“பேரு போடாதன்னு அன்னைக்கு அவன்தான் சொன்னான். ஆனா அதுக்கப்புறமும் நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலயே தம்பி.”

நஜ்மாவுக்கு ஒரு போன்

மறுநாள் நாங்கள் கடை திறப்பதற்கு முன்பே அண்ணன் வாசலில் நின்றார். முகத்தில் தூங்கிய களையே இல்லை. உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். வாசித்தவர் அந்த மூன்று நண்பர்களில் ஒருவரான ஹமீது, காயல்பட்டினத்துக்காரர். விசா எடுத்துக் கொடுத்த மாமாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்துதான் பெயர் வேண்டாம் என்றாராம். பிறகு தோஹாவுக்கு மாறி, அங்கே நஜ்மா என்ற பகுதியில் தையல் கடை வைத்துவிட்டார். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இருவரும் பேசிக்கொள்வதுண்டு. சோலோவைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

அண்ணன் அவருக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டார். “ஹமீது, அந்த டேப் கிடைச்சிருக்குடே. இந்தத் தடவ உன் பேரப் போடப் போறேன். இத்தன வருஷம் கமுக்கமா இருந்துட்டேன். மன்னிச்சிரு.” மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. பிறகு ஹமீது பாய் சொன்னார்:

“நான் வாசிச்சது ஒரே ஒரு தடவ, நீ முப்பது வருஷமா வாசிக்கே, அது உன்னதுதாம்ல. போட்டே தீரணும்னா ஸ்பெல்லிங் தப்பில்லாமப் போடச் சொல்லு.”

மகள்

வெளியிட எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால், ஹமீது பாய் மகள் நஸ்ரினோடு ஷார்ஜாவுக்கு வந்தார். தோஹாவில் பிறந்து, அங்கேயே மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கும் பெண். வாப்பா கிட்டாரைத் தொட்டவர் என்பதே அவளுக்குத் தெரியாது.

தான் தப்பு விட்ட பதினொன்றையும் முதலில் போடச் சொல்லி அண்ணன் அடம் பிடித்தார். எட்டாவதில் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பன்னிரண்டாவது ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. அண்ணன் நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். நஸ்ரின் கடைசி வரை அசையாமல் கேட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

“வாப்பா, இஸ் திஸ் யூ? அப்ப நான் கிட்டார் கிளாஸ் கேட்டப்ப ஏன் மேத்ஸ் டியூஷன்ல சேர்த்தீங்க?”

ஒரு ஆல்பத்தில் பாட்டு நாற்பது நிமிஷம்தான், மீதியெல்லாம் மன்னிப்புக் கேட்கிற சத்தம். அந்த மீதியைக் கேட்பதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம்.