ஒட்டோவுக்கு ஏற்றிய மெழுகுதிரி

பிராக் நகரில் பிறந்தபோது அவர் ஹெட்விகா. கிழக்கு லண்டனின் தையல் கடைகள்தான் அவரை ஹெட்டி ஆக்கின. யூதப் பிள்ளைகளைக் காப்பாற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய ரயிலொன்றில், 1939 கோடையில், பதினொரு வயதில் தனியாக ஏறி வந்தவர். ஐந்து வயதுத் தம்பி ஒட்டோவுக்கு அடுத்த ரயிலில் இடம் கிடைத்திருந்தது. அது புறப்பட வேண்டிய அன்று போர் தொடங்கிவிட்டது; ரயில் புறப்படவேயில்லை. பெற்றோர் எங்கே கொல்லப்பட்டார்கள் என்று பின்னாளில் தெரியவந்தது. ஒட்டோவைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கணவர் இறந்த பிறகு ஹெட்டி பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். "தம்பி செத்துப்போனானா?" என்று பிள்ளைகள் பட்டென்று கேட்டுவிடுவார்கள். பிள்ளைகள் வேறு எப்படிக் கேட்கும்! "இன்னும் வந்து சேரவில்லை" என்பார் ஹெட்டி. எண்பது வயது தாண்டியும் அதே பதில்தான்.

2009 ஆகஸ்டில் ஒருநாள், இல்ஃபோர்ட் வீட்டில் தன்னைப் பராமரிக்க வரும் கலாவதியிடம் ஒரு மெழுகுதிரி வாங்கிவரச் சொன்னார். இறந்தவர்களுக்காக யூதர்கள் ஆண்டுதோறும் ஏற்றுவது அது. கண்ணாடிக் குவளைக்குள் ஒரு நாள் முழுக்க எரியும். இறந்த தேதி தெரியாதவர்களுக்கு வீட்டாரே ஒரு நாளைக் குறித்துக்கொள்வார்களாம்.

"எனக்குப் பிறகு அவனுக்கு ஏற்ற ஒருவரும் இல்லை, கலா."

அவரே ஏற்றினார். அழுதார். அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனார். கலாவதிக்கு ஷிப்ட் முடிந்தது. எரியும் நெருப்பை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்றே காதில் ஓதிய சட்டம். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள், குவளையை ஒரு தட்டால் மூடிப் பக்குவமாக அணைத்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அந்தத் திரி தானாகவே எரிந்து முடிய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஹெட்டியின் முகத்தில் அவள் ஒருநாளும் காணாத மலர்ச்சி.

"பாதிகூட எரியவில்லை, கலா! தானாக அணைந்துவிட்டது. அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான்!"

கலாவதி ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால், மே மாதம் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போன அவளுடைய தம்பி யோகராஜாவை முகாமில் கண்டதாக ஆளாளுக்கு ஃபோனில் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அவளைத் தூக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே வேலையைத் தானும் செய்ய மனம் வரவில்லை.

"அம்மா, நான்தான் நூர்த்தனான். நெருப்பை விட்டிட்டுப் போக ஏலாதெண்டு... எனக்குத் தெரியாதம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஹெட்டி திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த முகம் அடங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை. தீப்பெட்டியை அவளிடம் நீட்டி, "நீயே ஏற்று" என்றார். ஏற்றினாள்.

அன்று ஷிப்ட் முடிந்து கைப்பையை எடுத்தவளின் கையை ஹெட்டி பிடித்துக்கொண்டார்.

"போகாதே. நான் தூங்கிவிட்டால்? அவன் தனியாக இருக்கக் கூடாது."

கலாவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். யோகராஜாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்களோ என்று நினைத்தாள். கடைசி நேரம் என்று தன் மனமே சொல்லிவிட்டதை உணர்ந்ததும், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.