தண்ணீர் குடிக்காத மேடம்

மெக்கானிக்கல் துறையில் அவர் ஒருவர்தான் பெண் ஆசிரியை. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'இரும்பு மேடம்'. அது காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரப் பெருமை. சலுகை கேட்காமல், ஆண்களுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்று வாங்கிய பெயர். அதனாலேயே துறையில் சேரும் பெண்களுக்கு வழிகாட்டும் பொறுப்பைக் கல்லூரி அவர் தலையில் கட்டியது. வருகிறவர்களிடமெல்லாம் அவர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: குறை என்று வாயைத் திறந்தால், பொண்ணுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு என்பார்கள், தாங்கிக்கொள்ளப் பழகுங்கள்.

அந்த வருடம் சேர்ந்தவர்களில் தையல்காரர் ஒருவரின் மகள் இருந்தாள். வாய் ஓயாது. சின்ன வயதில் அப்பாவின் தையல் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் முதுகில் அடி வாங்கியவள். கடைசல் மெஷினான லேத்தில் அவள் கை வைத்தால் இரும்பு சொன்னபடி கேட்கும் என்று ஒர்க்‌ஷாப் பயிற்றுநரே சொல்வார். யாரையும் லேசில் பாராட்டாத மனிதர் அவர்.

ஒர்க்‌ஷாப் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. மெயின் கட்டடத்துக்குப் போய்வந்தால் பாதி வகுப்பு போய்விடும். ஆகவே ஒர்க்‌ஷாப் இருக்கும் நாளில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மேடமும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். ஒருமுறை அந்தப் பெண் இதை வந்து சொன்னபோது, "நான் இத்தனை வருஷமா சமாளிக்கலையா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

வெயில் முற்றிய ஒரு மதியம், ஓடிக்கொண்டிருந்த லேத்தின் முன்னால் அவள் மயங்கிச் சரிந்தாள். தோழி தோளைப் பிடித்து இழுத்ததால் முகம் தப்பியது. நெற்றியில் மட்டும் காயம். அன்றே துறைக் கூட்டம். பெண்களுக்கு உடம்பு தாங்கவில்லை, இனி அவர்கள் தள்ளி நின்று பார்த்தால் போதும் என்றார் துறைத் தலைவர். அவள் ஏன் மயங்கினாள் என்று அந்த அறையில் தெரிந்தவர் மேடம் ஒருவர்தான். ஆனால் அத்தனை ஆண்களுக்கு நடுவே கழிப்பறைப் பேச்சை எடுக்க அவருக்கு நாக்கு எழவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கல்லூரிக்கு வரவில்லை.

மேடம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றார். கடைசியில் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்கே போனார். முன்னறைதான் தையல் கடை. நெற்றித் தழும்போடு அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நேராகக் கேட்டார்.

"அந்த மீட்டிங்ல நீங்களும் இருந்தீங்களாம்மா?"

"இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

மகள் ஊசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க பழகிட்டீங்க மேடம். நான் எதுக்குப் பழகணும்?"

மறுநாள் மேடம் துறைத் தலைவர் அறைக்குப் போய், குரலைத் தாழ்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தார். துறைத் தலைவரோ தர்மசங்கடமாக நெளிந்து, "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அடுத்து வந்த விடுமுறையிலேயே ஒர்க்‌ஷாப்பின் உதிரிபாக அறை ஒன்று கழிப்பறையாக மாறியது. தள்ளி நிற்கச் சொன்ன உத்தரவும் சத்தமில்லாமல் மறைந்தது. இத்தனை சுலபமா என்பதுதான் மேடத்தை அதிகம் வதைத்தது. ஏதாவது எதிர்ப்பு வந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண் திரும்பி வந்தாள், தனக்கு இளையவர்களோடு உட்கார்ந்து படிக்க. வழிகாட்டியாக மட்டும் வேறொரு துறை ஆசிரியையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வராந்தாவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வாள், நிற்க மாட்டாள். மேடமும் நிறுத்துவதில்லை.

ஆனால் அவளுக்கு முன்னால் படிப்பிலிருந்து பாதியில் நின்றுபோன பெண்களின் முகங்கள் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கின. வீட்டில் கல்யாணம் பேசியிருப்பார்கள், படிப்பு வரவில்லை போலிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தாரே தவிர, ஒருத்தியிடமும் காரணம் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எண்களைத் தேடிப் பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் அழைத்தவள் எடுக்கவில்லை. அடுத்தவள் மேடத்தின் குரலை உடனே கண்டுகொண்டாள். ஏன் நின்றாய் என்று மேடம் கேட்டார். மறுமுனையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா மேடம்?" என்றாள் அவள்.

மேடம் போனை வைக்கவில்லை. "ஆமா, இப்பதான்," என்றார். "சொல்லும்மா."