ரிங்கில் தூங்கிய முசியே மத்தியானம்

"பாருங்கண்ணே, போன ரெண்டு வாரமும் பாதி ஆட்டத்துலயே சனங்க எழுந்து போட் ஏறப் போயிட்டாங்க. இன்னிக்கும் அப்பிடின்னா ஷோவ நிறுத்திடுவேன்."

நோணாங்குப்பத்து ரிசார்ட் மானேஜர் இதைச் சொன்னபோது நான் ரிங் ரோப்பை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மத்தியானம் அங்கே எங்கள் மல்யுத்த ஷோ. நான் ரெஃப்ரி.

அவர் மேல் தப்பில்லை. எங்கள் பையன்களுக்கு உடம்பு இருந்தது, வேஷம் இல்லை. ஒருவன் தண்டர், ஒருவன் தண்டர் கிங், மூன்றாமவன் சூப்பர் தண்டர். மூவரும் உறுமிக்கொண்டே வருவார்கள். எவனுக்குக் கைதட்டுவது, எவனைத் திட்டுவது என்று கடவுளுக்கே தெரியாது.

அதனால்தான் அன்று முசியே மத்தியானத்தை வரவழைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பெரிய வில்லன்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வேஷம்: வெள்ளைச் சட்டை, டை, தொப்பி, கக்கத்தில் பாயும் தலையணையும். இரண்டு அடி விழுந்ததும் கையை உயர்த்துவார். "பர்தோன், மன்னிச்சிக்க. மத்தியானம் ஆயிடுச்சி. நாலு மணிக்கு வா." அப்படியே நடு ரிங்கில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். எங்கள் ஊரில் மத்தியானம் மூடும் கடைகள் நாலு மணிக்குத்தான் திறக்கும். வெயிலில் போய், மூடிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பிய நம்மூர்க்காரர்கள் அத்தனை பேரும் தூங்கும் கடைக்காரராகவே நினைத்து அவரைத் திட்டித் தீர்ப்பார்கள்.

அவர் விடும் பொய்க் குறட்டைதான் சிக்னல். அது நின்றதும் எதிராளி மூலைக் கம்பத்தின் மேலிருந்து குதிப்பான், இவர் உருண்டு விலகுவார், அவன் வெறும் பலகையில் விழுவான். பிறகு எழுந்து இவரை வெளுத்து ஜெயிப்பான். எப்போதும் அதுதான் ஃபினிஷ்.

அன்றும் கூட்டம் கத்தியது. "யோவ், எழுந்து கடையத் தொறய்யா." தண்டர் கம்பத்தில் ஏறி நின்றான். குறட்டை வந்தது. வந்துகொண்டே இருந்தது. தண்டரின் தொடை நடுங்க ஆரம்பித்தது.

"அண்ணே, எப்ப நிறுத்துவாரு?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

கவுண்ட் பண்ணுகிற சாக்கில் குனிந்து பார்த்தேன். கடைவாயில் எச்சில். ரிசார்ட்டில் போட்ட வஞ்சிரக் குழம்பு வேலையைக் காட்டிவிட்டது. மனிதர் நிஜமாகவே தூங்கிவிட்டார். தண்டர் குதித்தால் இவர் விலா எலும்புக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரிதான் கதி. குதிக்காவிட்டால் ஷோ போச்சு.

எழுப்பலாம் என்று தோளைத் தொட்டேன். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்துவிட்டார். "யோவ் ரெஃப்ரி, எழுப்பாத. பாவம், வயசானவரு, அசந்து தூங்குறாரு."

அதுவரை திட்டிய கூட்டம் "ஷ்ஷ்" என்று அடங்கியது. மேலிருந்து தண்டர் முனகினான். "எம்மா, நீ எனக்குக் கைதட்டத்தான வந்த?"

"நீயும் மெதுவா எறங்குடா. பலக சத்தம் போடும்."

பெற்றவளே சொன்ன பிறகு என்ன செய்வான். அடிமேல் அடி வைத்து வந்து, வழி தெரியாமல் முசியே பக்கத்தில் படுத்து, "இப்ப என்னாண்ணே பண்றது?" என்று கிசுகிசுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் முசியே புரண்டு, கையையும் காலையும் தூக்கி அவன் மேல் போட்டார். தண்டரின் இரண்டு தோளும் தரையில். மூன்று எண்ணும்வரை தோள் எழாவிட்டால் தோல்வி; ரூல் என்றால் ரூல்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ரகசியமாக எண்ணி முடித்தேன்.

மணி அடிக்கப் போனவன் கையைச் சனங்களே பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சத்தமில்லாமல் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். ஒருவர்கூட போட் ஏறப் போகவில்லை. மானேஜர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து என் காதில் சொன்னார். "ஷோவ நிறுத்தலண்ணே. அடுத்த வாரமும் இவருக்கு அதே கொழம்பு ஊத்திடுவோம்."

புதுப் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். உறுமுவதற்கு ஊரில் நாய் இருக்கிறது. சனங்களுக்குத் தெருவில் தெரிந்த ஆளை ரிங்கில் ஏற்று. செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

முசியேதான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. அன்று கண் விழித்ததும், "எப்பப்பா குதிக்கிறான்?" என்று கேட்டார்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சி முசியே. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "இத்தினி வருஷம் ஒழுங்கா தோத்துனு இருந்தேன். கெடுத்துட்டியேப்பா."