தளி வீட்டு ஆன்டெனா

நான் டி.வி. மெக்கானிக். பெயர் நூருல்லா. ஓசூர் பாகலூர் சாலையில் கடை. படம் தெரியவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் முதலில் கிண்டல் செய்கிறவனும் நான்தான். அதனால் இதை நான் கட்டிவிட்ட கதையாக நினைக்காதீர்கள். 1989 அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கைகளாலேயே நடந்தது.

ஓசூரை அடுத்த தளியில் ஒரு பழைய நடிகை குடியிருந்தார். சந்திரலோசனி என்று பெயர். ஒரே ஒரு படத்தில் கதாநாயகி. பிறகு அக்கா, அண்ணி, அம்மா. கடைசியில் டி.வி. நாடகத்தில் பாட்டி. எதில் நடித்தாலும் பாதியில் செத்துப்போவார். "இருமிக்கிட்டே சாகறதுக்கு என்னை விட்டா ஆள் கிடையாது பாய்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஞாயிறு மாலை அவருடைய முதல் படத்தைப் போடப்போவதாக டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமையே என் கடைக்கு வந்துவிட்டார்.

"அதுல மட்டும்தான் பாய் நான் கடைசி வரைக்கும் உயிரோட இருப்பேன். பாத்து முப்பது வருஷமாச்சு. எப்படியாவது முழுசா காட்டிடுங்க."

தளியில் பெங்களூர் நிலையத்தின் கன்னட ஒளிபரப்புதான் சுலபமாக வரும். தமிழ்ப் படம் வேண்டுமானால் ஒருவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் கீழே டி.வி. முன்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும். ஐந்தரைக்குப் படம். ஐந்துக்கே வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பஸ் தாமதம். போய்ச் சேர்ந்தபோது 5.50. மழை விட்டிருந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. கேட் திறந்திருந்தது, கதவு சாத்தியிருந்தது. வேலை செய்யும் நஞ்சம்மாவைக் காணோம்.

"அம்மா..."

"நேரமாச்சு பாய். நேரா மாடிக்குப் போங்க."

உள்ளேயிருந்து அவர் குரல். ஊருக்கே தெரிந்த குரல்.

பையைப் படியடியில் வைத்துவிட்டு ஏறினேன். கம்பத்தைப் பிடித்துத் திருப்பினேன்.

"வருதாம்மா?"

"புள்ளியா இருக்கு... இன்னும் கொஞ்சம்... ஆங், வந்துருச்சு!"

கையை எடுத்தேன்.

"ஐயோ, போச்சு!"

மறுபடி பிடித்தேன். கீழே பாட்டு கேட்டது. சில வீடுகளில் இப்படித்தான். ஆள் பிடித்திருந்தால் படம் நிற்கும், விட்டால் போய்விடும். கட்டுக்கம்பி பையில் இருந்தது. பை கீழே. படமோ ஓடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டே நின்றேன்.

6.15. இரும்பு சில்லென்று இருந்தது. கீழே அந்தம்மாள் ஒவ்வொரு வசனத்தையும் கூடவே சொன்னார். சின்னப் பெண் மாதிரி சிரித்தார். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

6.30. இருட்டிவிட்டது. தெருவிளக்கு எரியவில்லை. எதிர்வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. அடுத்த வீட்டிலும்...

எட்டிப் பார்த்தேன். இந்த வீட்டு ஜன்னலிலும் இருட்டு. டி.வி. வெளிச்சம்கூட இல்லை.

பாட்டு மட்டும் கேட்டது.

பக்கத்துத் தோட்டத்துக் கரியப்பன் கீழேயிருந்து டார்ச் அடித்தார்.

"யாரு, பாயா? அங்க என்ன பண்றீங்க?"

"அம்மாவுக்குப் படம்..."

"என்ன படம்? மத்தியானம் மரம் சாஞ்சதுல இருந்து ஊருக்கே கரண்ட் இல்ல. அந்தம்மாவை அப்பவே மயக்கமா ஓசூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களே. வீட்டுல யாரும் இல்ல."

"பாய்... விடாதீங்க."

கரியப்பனுக்கு அது கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் பாய்... கடைசி வரைக்கும்..."

கம்பம் சூடாகியிருந்தது. காய்ச்சல்காரர் கை மாதிரி. என் விரல்களின் மேல் யாரோ விரல்களை வைத்து அழுத்தினார்கள்.

"விடாதீங்க..."

விட்டுவிட்டேன்.

பாட்டு நின்றது.

டார்ச் வெளிச்சத்தில் என் வாட்ச் தெரிந்தது. 6.42.

பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

மூன்றாம் நாள் நஞ்சம்மா பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அழுதபடியே பேசினாள்.

"மத்தியானத்துல இருந்து நெனவே இல்லீங்க பாய். ஆறுக்குப் பத்து நிமிசம் இருக்கறப்ப கண்ணத் தொறந்தாங்க. இனி பயமில்லன்னு டாக்டரே சொன்னாரு. சிரிச்சுக்கிட்டு என்னமோ வசனமெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் 'விடாதீங்க, விடாதீங்க'ன்னு... நான் கையப் புடிச்சுக்கிட்டுத்தானுங்க இருந்தேன். யாரச் சொன்னாங்கன்னு தெரியல."

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. உயிர் பிரிந்த நேரம் எழுதியிருந்தது.

6.42.

இன்னும் ஒன்றரை மணி நேரம் பிடித்திருந்தால்...? தெரியவில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

அன்று ஓசூரில் என் மனைவி ஷரீஃபுன்னிசா அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருந்தாள். எட்டேகாலுக்கு முடிந்ததாம். கடைசிக் காட்சியில் அந்தம்மாள் உயிரோடுதான் இருந்தாராம்.