ஐநூறு வார்த்தையில் இடமில்லாத ஆள்

வால்வை மூடியவர் ஆபரேட்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிறவர்களை நம்பினால் உங்களுக்கு இது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

அது ஒரு சாயத் தொழிற்சாலை. பாய்லர் அறையிலிருந்து துணி உலர்த்தும் கூடத்துக்குப் போகிற நீராவிக் குழாய் ஒரு மத்தியானம் இணைப்பில் பிளந்துகொண்டது. கூடத்தில் பதினொரு பெண்கள் வேலையில் இருந்தார்கள். அவர்கள் வெளியே வர இருந்த ஒரே வழியில் நீராவி பீறிட்டுக்கொண்டிருந்தது. பாய்லர் அறைக்குள் போய் வால்வுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் அது நிற்கும். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள், ஷிப்ட் இன்ஜினியரும் பாய்லர் ஆபரேட்டரும். ஒருவரையொருவர் ஒரு விநாடி பார்த்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் ஒரு ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். இன்ஜினியர் "சைரன் அடிக்கிறேன்" என்று கத்திக்கொண்டே வெளி முற்றத்துக்கு ஓடினான். சைரன் ஏற்கெனவே அடித்துக்கொண்டுதான் இருந்தது.

பதினொரு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆபரேட்டருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன.

ஓடியதற்காக இன்ஜினியரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் நானும் ஓடியிருப்பேன், நீங்களும் ஓடியிருப்பீர்கள். அன்று வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் எதையும் மறைக்கவும் இல்லை. "அண்ணன் உள்ள போனாரு, நான் ஓடிட்டேன்" என்று சொல்லிக் குமுறிக் குமுறி அழுதான். அவன் கெட்டுப்போனது அதற்கு அப்புறம்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

நிர்வாகம் விசாரணை என்று ஒன்றை நடத்தியது. ஆபரேட்டர் வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போய்விட்டார், அதனால் அழுத்தம் ஏறியதைக் கவனிக்க ஆளில்லை, பதறித் திரும்பி ஓடிவந்தபோது காயம்பட்டார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வால்வை மூடியது யார் என்ற கேள்வியும் வந்தது. அதைப் பார்த்த ஒரே ஆள் இன்ஜினியர்தான். இன்ஜினியர், "ஒரே புகையா இருந்துச்சு சார், சரியாத் தெரியல" என்றான். மேலாளர் வெளியே வந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆபரேட்டர் தொழிலாளர் நலத்துறையில் மேல்முறையீடு செய்தார். இன்ஜினியர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். இடத்தை விட்டு ஓடினவன்னு எழுதிட்டாங்க. என் பொண்ணு அந்தக் காகிதத்தைப் படிச்சுட்டா. அதை மட்டும் மாத்தணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"கேஸ் வரும்போது கூப்பிடுங்கண்ணே, உள்ளது உள்ளபடி சொல்லிடறேன்" என்றான் இவன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு அவனால் பாய்லர் அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. வாசல்வரை போவான், வியர்த்துக் கொட்டும், ஏதோ கோப்பை மறந்துவிட்டவன் மாதிரி திரும்பி வந்துவிடுவான். முப்பத்துநாலு வயது. இந்தத் தொழிலை விட்டால் வேறு எதுவும் தெரியாது. அப்போதுதான் வெளிநாட்டில் முழுநேர எம்.பி.ஏ. படித்துத் துறையே மாறிவிடுவது என்று முடிவு செய்தான். இரண்டு வருடம் படிப்பது, கோட் போட்டுக்கொண்டு கம்பளம் விரித்த அலுவலகத்தில் உட்காருவது, குழாய் இருக்கிற பக்கம் இனி தலைவைத்தும் படுக்காமல் இருப்பது. மனைவியும், "எங்க வேணா போங்க, இந்த நடுக்கம் நின்னாச் சரி" என்றாள்.

அந்த மேலாண்மைப் பள்ளிகளில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. கட்டுரை எழுத வேண்டும். ஒரு நெருக்கடியில் நீங்கள் எப்படித் தலைமை தாங்கினீர்கள், அதை வைத்து ஏன் துறை மாற நினைக்கிறீர்கள், ஐநூறு வார்த்தைக்குள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதைத் திருத்திக்கொடுக்க என்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இவனுக்கு வாய்த்தவர் வெண்ணெய் தடவினாற்போல் பேசுகிறவர்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இதுல ஹீரோ யாரு?" என்று கேட்டார்.

"ஆபரேட்டர்தான்."

"அவரா படிக்க வர்றாரு?"

 ஆலோசகர் விடவில்லை. "நான் பொய் எழுதச் சொல்லல. எழுநூத்து நாப்பது வார்த்தை இருக்கு, இருநூத்து நாப்பதைக் குறைக்கணும், அவ்வளவுதான். ரெண்டு ஆளை வச்சுக்கிட்டு குறைக்க முடியாது. நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

அங்கேதான் இருந்தான், அதை மறுக்க முடியுமா? அடுத்த படியில் ஆபரேட்டர் "என் உதவியாளர்" ஆனார். அதற்கடுத்த படியில் "நாங்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்தார். ஐந்தாவது படியில் "நான் சக்கரத்தைச் சுற்றினேன்" என்று இருந்தது. எண்ணிப் பார்த்தால் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு வார்த்தை.

மனைவியிடம் படிக்கக் கொடுத்தான். அவள் பள்ளி ஆசிரியை, பிழை பார்ப்பதில் கெட்டிக்காரி. ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். "அந்த அண்ணன் எங்க?" என்றாள்.

"வார்த்தை மிஞ்சிடுச்சு."

 அவள் இரண்டு கால்புள்ளிகளை மட்டும் திருத்திக் கொடுத்தாள். அவளும் இதில் கூட்டுதான், சும்மா விடுவதற்கில்லை.

பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போனான். அங்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறை. ஜன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய் இருந்தது, சூடேறும்போது அது சீறும். மற்றவர்கள் குளிர் தாங்காமல் திருகுகிற திருகை இவன் முதல் நாளே இறுக்கி மூடிவிட்டு, இரண்டு குளிர்காலமும் கோட்டோடு படுத்துத் தூங்கினான். வகுப்பில் பழைய தொழிலை வைத்துத்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். ஒருத்தி பேங்க், ஒருவன் பட்டாளம். இவன் பாய்லர். எதை விட்டு ஓடி வந்தானோ அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

வேலை தேடும் காலம் வந்ததும் இன்னொரு விஷயம் புரிந்தது. துறை மாற வந்தவனை எந்தத் துறையும் கைநீட்டி அழைக்கவில்லை. வங்கிக்காரர்கள், வங்கி அனுபவம் இல்லையே என்றார்கள். விற்பனைக்காரர்கள், விற்றதில்லையே என்றார்கள். பத்தொன்பது இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி வரும்போது மட்டும் எதிரே இருப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "உங்கள் வாழ்க்கையில் ஒரு நெருக்கடியைச் சொல்லுங்கள்." இவன் சொன்னான். சொல்லச் சொல்ல நாக்கு பழகியது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பது என்பதெல்லாம் அத்துப்படி ஆனது. சில நாட்களில் சக்கரத்தின் சூடு தன் கையிலேயே தெரிகிற மாதிரி இருந்தது. பள்ளிக்காரர்களும் மகிழ்ந்துபோய் அந்தக் கட்டுரையை அவன் படத்தோடு இணையதளத்தில் போட்டார்கள்.

இருபதாவது இடத்தில் வேலை கிடைத்தது. பெரிய ஆலோசனை நிறுவனம், கம்பளம் விரித்த அலுவலகம். விண்ணப்பத்தில் சொன்ன எதுவும் பொய் என்று தெரிந்தால் வேலை ரத்து என்று நியமனக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. எல்லாருக்கும் போடுகிற பத்திதான். கையெழுத்துப் போட்டான். மனைவி இருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு மகளோடு வந்து சேர்ந்தாள்.

அவள் வந்த மூன்றாவது வாரம் ஆபரேட்டர் போன் செய்தார்.

"சார், நல்லா இருக்கீங்களா? பாப்பா என்ன படிக்குது? தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. கேஸ் வருது, வர்ற வியாழக்கிழமை. நேர்ல வர வேண்டாமாம், வீடியோவுலயே பேசலாமாம்."

"கண்டிப்பாப் பேசறேண்ணே."

"உங்க வாயால வந்தாப் போதும் சார். அதுக்குத்தான் மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

போனை வைத்தபோது அவன் நிஜமாகவே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான். புகையில் தெரியவில்லை என்று முன்பு சொன்னது பயத்தில், இப்போது நினைவு தெளிந்துவிட்டது என்றால் யார் என்ன செய்துவிட முடியும்? ஆனால் மறுநாள் தொழிற்சாலையின் வக்கீலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பள்ளி இணையதளத்தில் இருந்த அவன் கட்டுரையை இணைத்திருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி. "வியாழக்கிழமை இது உண்மையா என்று மட்டும் கேட்போம்."

மரியாதையான வரிதான். ஆனால் இனிமேல் புகை என்றும் சொல்ல முடியாது. ஒன்று அவர் மூடினார், அல்லது இவன் மூடினான். அவர் மூடினார் என்றால் கட்டுரை பொய். கட்டுரை பொய் என்றால் பட்டம், வேலை, இந்த வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே மூச்சில் போகும்.

மனைவியிடம் காட்டினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படித்தாள்.

"உண்மையச் சொன்னா நாம எங்க போறது?" என்றாள். சிறிது நேரம் கழித்து அவளே, "சொல்லலேன்னா அவரு எங்க போவாரு?" என்றாள்.  மூன்று நாள் இருவரும் மகளிடம் மட்டுமே பேசினார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்து உட்கார்ந்தான். மனைவி மகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுச் சுவரோரம் நின்றாள். திரையில் விசாரணை அதிகாரி, பக்கத்தில் வக்கீல், இன்னொரு சதுரத்தில் ஆபரேட்டர். தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மடங்கிய இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

வக்கீல் கட்டுரையை மொழிபெயர்த்து நிதானமாகப் படித்தார். "நான் சக்கரத்தைச் சுற்றினேன்" என்ற இடம் வந்ததும் ஆபரேட்டர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். தன்னைப் பற்றித்தான் படிக்கிறார்களா என்று சந்தேகம் வந்தவர் போலப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதுதானா?" என்றார் அதிகாரி.

"ஆமா."

"இதுல இருக்கிறது உண்மையா?"

இன்ஜினியர் சுவர்ப்பக்கம் பார்த்தான். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உண்மைதான்."

வக்கீல் காகிதத்தை மடித்தார்.  ஆபரேட்டர், "ஐயா, நான் சாரை ஒண்ணு கேக்கலாமா?" என்றார். அதிகாரி தலையசைத்தார்.

"சார், உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

அவன் கைகள் மேஜைக்கு அடியில் இருந்தன. எடுத்துக் காட்டாமல் இருக்க வழியில்லை. காட்டினான். வழவழவென்று இருந்த பத்து விரல்களையும் அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"ஒரு தழும்புகூட இல்லையே?" என்றார்.

"கையுறை போட்டிருந்தேன் சார்."

இதை அவன் யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகவே சொல்லிவிட்டது. ஆபரேட்டர் அவனையே பார்த்தார். கோபம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"கையுறை எப்ப சார் வந்துச்சு? ஆறு மாசமா உங்ககிட்டதான கேட்டுக்கிட்டிருந்தேன்?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆறு தடவை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஆறு சீட்டும் கையெழுத்தாகாமல் இன்ஜினியரின் மேஜை இழுப்பறையில் கிடந்தன. வேலையை விட்டுப் போகிற அன்று அவன் அவற்றைக் கிழித்துப் போட்டான். இதை மனைவியிடம்கூட அவன் சொன்னதில்லை.

"கையுறை வழங்கிய பதிவேடு இருக்கு ஐயா, அடுத்த வாரம் தாக்கல் பண்றோம்" என்றார் வக்கீல் சட்டென்று. அப்படி ஒரு பதிவேடு அந்தத் தொழிற்சாலையில் இருந்ததே இல்லை. அடுத்த வாரம் இருக்கும்.

அதிகாரி குறித்துக்கொண்டார். "வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லைங்கய்யா" என்றார் ஆபரேட்டர். இவனைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "வரேன் சார்" என்றும் சொன்னார். பிறகு திரையை அணைக்கக் குனிந்தார். மடங்கிய விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை. ஒருதரம் முயன்றார், இன்னொருதரம் முயன்றார். பக்கத்திலிருந்து வளையல் போட்ட ஒரு சின்னக் கை நீண்டு வந்து அணைத்தது. அப்படியானால் அவருடைய பெண்ணும் ஆரம்பத்திலிருந்து அங்கேதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.