எங்கள் மயானத்துக்கு அங்காளம்மா திறந்த வழி

என் புருஷனைப் புதைத்த இடம் இன்றைக்கு இல்லை. ஆறு கொண்டுபோய்விட்டது. அங்கிருந்துதான் நான் சொல்லத் தொடங்க வேண்டும்.

என் பெயர் செல்வி. மணலூர்பேட்டைப் பக்கம், பெண்ணையாற்றங்கரை ஊர். கரும்பு வெட்டித்தான் பிழைக்கிறேன். அங்காளம்மா கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை கூடும் நம் ஆட்கள் முன்னால் நின்று பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் அம்மா செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. நல்ல மழை. காய்ந்த கரும்புச் சோகைக்குள் கிடந்த பாம்பு என் வீட்டுக்காரர் முருகேசனைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எங்கள் தெருவுக்கென்று பூட்டன் காலத்து மயானம் ஒன்று உண்டு. இருந்து என்ன? வேலிகாத்தான் முள் மண்டி, அதற்குள் ஆடுகூட நுழையாது. அங்கே போகிற பாதையும் பக்கத்திலிருக்கும் வேலாயுதம் ஐயாவின் கரும்பு வயலோடு கலந்துவிட்டது. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரை ஆற்றங்கரை மணலில் புதைத்தோம்.

கார்த்திகையில் வெள்ளம் வந்தது. வடிந்ததும் ஓடினேன். கரையே இல்லை. எந்த இடத்தைப் பார்த்து அழுவது என்றுகூடத் தெரியவில்லை.

அவருடைய அம்மா, என் மாமியார், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மூச்சிரைப்புக்காரி. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னியும் ஆத்துலதான் வுடப்போறியாடி?" என்று கேட்டாள். நான் எழுந்துபோய் அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு கோயிலுக்குப் போனேன்.

"அம்மா, நீ மயானத்துல ஆடுறவ. எங்க மயானத்த நீயே மூட வுட்டுக்கினு இருக்கியே" என்று கேட்டேன். சண்டைதான் போட்டேன். இது பிரார்த்தனையா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது அதுதான்.

மறுநாளிலிருந்து அலைய ஆரம்பித்தேன். நாங்களே முள்ளை வெட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அரசாங்கப் புறம்போக்கு, அனுமதியில்லாமல் வெட்டினால் கேஸ் ஆகும் என்றார்கள். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தேன். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தேன். வேலைக்குப் போகாத நாளெல்லாம் ஏதாவதொரு ஆபீஸ் வாசலில்தான் இருந்தேன்.

எங்கள் வி.ஏ.ஓ. கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். "ரெக்கார்டுல அது வெறும் புறம்போக்கும்மா. மயானம்னு இல்ல. சர்வேயர் வந்து பார்ப்பாரு. பொதைச்ச அடையாளம் இருக்கணும். இல்லன்னா உங்க தெருவச் சேராதவங்க யாராச்சும் ஆமான்னு சொல்லணும். பக்கத்து நெலத்துக்காரரு வேணாம்னுட்டா ஒண்ணும் நடக்காது."

பக்கத்து நிலத்துக்காரர் என்றால் வேலாயுதம் ஐயா. எழுபது வயதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். பாதையைக் கேட்டால் கரும்பைக் கேட்டது மாதிரி. அவரிடம் போய் நிற்க எங்கள் தெருவில் ஒருவருக்கும் தைரியமில்லை. எனக்கும் இல்லை. "அவரு எதிர்த்துப் பேசாம இருந்தா போதும் தாயே" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அதற்குமேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தை மாதத்தில் சர்வேயர் வந்தார். வி.ஏ.ஓ.வும் வந்தார். முள்ளைச் சுற்றி நடந்தார்கள். உள்ளே இரண்டு பனைமரத்தின் தலை மட்டும் தெரிந்தது. மேடு தெரியவில்லை, கல் தெரியவில்லை. சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இங்க யாரையும் பொதைச்ச மாதிரியே தெரியலையேம்மா" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது கரும்புக்குள்ளிருந்து ஒரு குரல். "யாரு சொன்னது?"

வேலாயுதம் ஐயா. கையில் மண்வெட்டி. முழங்கால்வரை சேறு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சர்வேயரிடம் வந்தார். "என் தங்கச்சி உள்ள இருக்குதுங்க" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"சின்னப் புள்ள. பெரியம்மை போட்டுப் போயிடுச்சி. எங்க சனம் எரிக்கிறதுதான் வழக்கம். அம்மை கண்ட ஒடம்ப எரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கப்பா தோள்ல போட்டுக்கினு இங்கதான் வந்தாரு. நான் பின்னாலயே ஓடியாந்தேன். இந்தப் பொண்ணோட மாமனாரு வூட்டுப் பெரியவருதான் குழி வெட்டுனாரு. அந்தப் பனைக்குத் தெக்கால." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "யாரும் இல்லன்னு சொல்றீங்களே. அது இல்லையா?"

சர்வேயர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எங்கள் தெருவில் யாருக்கும் இது தெரியாது. என் மாமியாருக்கே தெரியாது. எதிர்த்துப் பேசாமலிருந்தால் போதும் என்று நான் கேட்ட அந்த வாய், எங்களுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு அவரிடம் கேட்டேன். "ஐயா, எங்களுக்காகவா வந்தீங்க?"

"இல்லம்மா. எப்பவும் மோட்டாருக்குக் கரண்ட் விடியக்காலமேதான் வரும். இன்னிக்கின்னு மத்தியானம் வுட்டான். தண்ணி கட்ட வந்தேன். அந்தப் பேச்சு காதுல வுழுந்துச்சி."

கரண்ட் ஏன் அன்றைக்கு மதியம் வந்தது என்று நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அனுமதி வந்தது. பாதையை அளந்து கல் நட்டார்கள். அந்தப் பக்கத்துக் கரும்பை ஐயாவே ஆள் வைத்து வெட்டிக் கொடுத்தார். ஜேசிபி முள்ளை வேரோடு பிடுங்கப் பிடுங்க, உள்ளே மேடு மேடாகத் தெரிந்தது. எத்தனை பேர் இத்தனை காலம் முள்ளுக்கடியில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! பனைக்குத் தெற்கே ஒரு சின்ன மேடு இருந்தது. ஐயா அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எழுந்திருக்கும்வரை ஜேசிபியை நிறுத்தி வைத்தோம்.

என் மாமியாரை ஆட்டோவில் கூட்டிப் போனேன். சுற்றிலும் பார்த்தாள். ஒரு நிழலைக் காட்டி, "எனக்கு அங்க. காத்து நல்லா வருது" என்றாள். சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இன்றைக்கும் இருக்கிறாள்.

மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு அம்மாவை அந்தப் பாதையில்தான் தூக்கி வந்தார்கள். என் வயதுக்காரர்கள் யாரும் எங்கள் மயானத்தில் அம்மாவைப் பார்த்ததில்லை. வேலாயுதம் ஐயா வீட்டுப் பெண்களும் எங்களோடு நின்று கொழுக்கட்டை இறைத்தார்கள். பம்பைச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

என் புருஷன் திரும்பி வரவில்லை. அவர் கிடந்த இடமும் வரவில்லை. அந்த வலி போகாது. ஆனால் முன்பு இருந்த பயம் இப்போது என்னிடம் இல்லை. எந்த ஆபீசுக்குள்ளும் நிமிர்ந்து போகிறேன். யாரையும் பார்த்தவுடன் இவர் நமக்கு எதிரி என்று நினைப்பதில்லை. அவர் மனசுக்குள் அம்மா என்ன வைத்திருக்கிறாளோ, யாருக்குத் தெரியும்?

உங்களில் யாருக்காவது வழி அடைத்துக் கிடக்கிறதென்றால், அம்மாவிடம் போய்க் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் கேட்டிருக்கிறேன்.