சின்னத்துரையின் காருக்கு ஒரு சூப்பர் சார்ஜர்

அந்தக் காரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிட்டேன். இலங்கை மலைநாட்டில் கொஸ்லந்தைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் எனக்கு இன்ஜின் ரூம் வேலை. நாள் முழுக்க ஒரே இன்ஜினின் சத்தத்துக்குள் கிடப்பவனுக்கு வேறொரு இன்ஜின் சத்தம் கேட்டால் காது தானாகத் திரும்பும். கீழே வளைவுகளில் ஏதோ ஒன்று முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்தது. நாலு சிலிண்டரில் ஒன்று சும்மா இருக்கிறது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. எண்ணெய்த் துணியும் கையுமாக வெளியே வந்தேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டி வந்தவர் எங்கள் புதிய சின்னத்துரை.

தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்தபடி சின்னத்துரை. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற, இந்த நாட்டுப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். இவர் கொழும்பு வக்கீல் ஒருவரின் மகன். இருபத்தைந்து வயதிருக்கும். துரைமாருக்கென்று இருந்த தமிழ்ப் பரீட்சையை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தார். அதில் வா, போ, வெட்டு, தூக்கு என்பதற்கு மேல் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. நல்ல மனுஷன், ஆனால் சுகம் விசாரித்தால்கூட அதட்டுவது போலத்தான் இருக்கும்.

அன்றைக்கு ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், கார் சீராகிவிட்டது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் காரை ஃபாக்டரி வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார். பழுது இருக்கிறதோ இல்லையோ, பானெட்டைத் திறந்து இருவரும் குனிந்துவிடுவோம். நிமிர்ந்து நின்றால் அவர் துரை, நான் கூலிக்காரன். குனிந்திருக்கும்போது இரண்டு தலைகள் மட்டுமே. அவர் காதிலும் கறை, என் காதிலும் கறை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்தக் காரை அதைவிடப் பிடித்துப்போனது.

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துரை சொன்னதை மறுத்துப் பேசும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் "ஆமாங்க தொரை" என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பழைய பெரிய துரை ஒருநாள் குடையின் கீழ் நின்றுகொண்டு, "இன்னைக்கு நல்ல வெயில்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரோ, குடிவெறியில் சொன்னாரோ தெரியாது. தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நூறு பேரும் "ஆமாங்க தொரை, நல்ல வெயிலுங்க" என்றோம். நானும் அதில் ஒருவன்.

காரணம் பயம்தான், வேறென்ன. பிடிக்காத ஆளுக்குப் பத்துச்சீட்டு கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். அது கைக்கு வந்துவிட்டால் வேலை மட்டுமல்ல, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஒற்றை அறையும் போய்விடும். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டுப் பிரஜை என்றே தீர்மானமாகாமல் எங்களை அந்தரத்தில் விட்டிருந்த வருஷங்கள் அவை. ரோட்டில் நின்றால் எந்தப் பக்கம் நடப்பது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் இங்கிலாந்திலிருந்து சின்னத்துரைக்குத் தபாலில் இரண்டு கேட்டலாக்குகள் வந்தன. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலைப்பாதைப் பந்தயத்தில் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை எங்கள் ஆளை முந்திவிட்டிருந்தார். அது இவருக்குப் பொறுக்கவில்லை. காருக்குச் சூப்பர் சார்ஜர் போடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

சாதாரண இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர் சார்ஜர் என்பது அந்தக் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற மெஷின். பெல்ட் போட்டு அதைச் சுற்றுவதும் அதே இன்ஜின்தான். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், இழுவையும் கூடும். மலையில் காற்றின் கனம் குறைவு, அதனால் எங்கள் பக்கத்துக்கு அது வீண் ஆடம்பரமும் இல்லை. ஆனால் எதைப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்பு காரை வைத்திருந்தவர் சைலன்சர் குழாயை மட்டும் மாற்றியிருந்தார். பிஸ்டன், கிளச், பிரேக் எல்லாம் கம்பெனி போட்டு அனுப்பியபடியே இருந்தன.

கேட்டலாக் இரண்டையும் அவர் மட்கார்டின் மேல் விரித்தார். ஒன்றில் இருந்தது சின்னது. இன்ஜின் பக்கத்தில் அடக்கமாக உட்காரும், அழுத்தமும் மிதம். மற்றதில் இருந்தது பெரியது. படத்தில் அதன் பக்கத்தில் கண்ணாடி மாட்டிய பந்தயக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். சின்னத்துரை விரல் வைத்தது பெரியதில்.

"பாரு. இதுதான் நல்லது. நீ சொல்லு."

பெரியதைப் போட்டால் அந்த இன்ஜின் தாங்காது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க தொரை. ரொம்ப நல்லதுங்க."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்று சாயந்திரம் விறகு பொறுக்கிக்கொண்டு வந்த என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சூப்பர் சார்ஜர் என்றால் என்ன என்று கேட்டாள். உன் கையில் இருக்கும் ஊதாங்குழல்தான், இன்ஜினுக்கு ஊதுவது என்றேன். அவள் குழலை வாயில் வைத்து முழு மூச்சையும் சேர்த்து ஊதினாள். சாம்பல் கிளம்பிச் சோற்றுப் பானையிலும் என் தலையிலும் விழுந்தது.

"இப்படித்தானே ஆகும்?"

"இதவிட மோசமா ஆகும். பிஸ்டன் ஓட்டையாப் போகும். ஏறும்போது போனா கார் மட்டும் நிக்கும். வேகமா எறங்கும்போது ஏடாகூடமா ஆச்சுன்னா பள்ளந்தான்."

"அத அந்த மனுசன்கிட்ட சொல்றதுக்கு என்ன? நாக்க அடகு வச்சிருக்கீங்களா?"

"பத்துச்சீட்டு குடுத்துட்டா?"

அவள் குழலைக் கீழே வைத்தாள். பானையிலிருந்து சாம்பலைக் கரண்டியால் எடுத்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "சின்னப் புள்ளங்க அது" என்றாள். அவரைவிட அவள் ஒரு வயது இளையவள்.

அடுத்த வாரம் முழுக்க நான் நேராகச் சொல்லாமல் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். இன்ஜின் ரூமுக்கு வந்தவரிடம், அளவுக்கு மீறி முடுக்கியதால் விரிசல் விட்ட ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டைக் காட்டினேன். "பாவம்" என்றார். பதுளை பெட்ரோல் ஷெட்டில் வரும் பெட்ரோல் இப்போதெல்லாம் மட்டம் என்றேன். "ஆமா, மோசம்" என்றார். எனக்குத் தெரிந்த சாமர்த்தியம் எல்லாம் தீர்ந்துபோனது. சனிக்கிழமை அவர் உற்சாகமாக வந்து, பெரியதற்கு ஆர்டர் எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை தபாலில் போகும் என்றார்.

ஞாயிறு காலை வேட்டியை மாற்றிக்கொண்டு அவர் பங்களாவுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் போவதென்றால் பின்புறம் சமையல் நடக்கும் குசினிப் பக்கமாகத்தான் போவார்கள். அன்று எனக்கு இருந்த பதற்றத்தில் முன்வாசலுக்கே போய் நின்றுவிட்டேன். ரோஜாச் செடிகளுக்கு நடுவே நின்ற பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார்.

"என்ன? சொல்லு."

"அது வேணாங்க தொரை."

"எது?"

"பெரிய மெஷினு. அது நம்ம காருக்கு ஆகாதுங்க. உள்ளுக்கு எல்லாம் பழைய சாமானுங்க. இங்க மேல ஓடுறப்ப தாங்குனாலும், வெல்லவாயப் பக்கம் கீழ எறங்குனா காத்துக் கனம் கூடும், இன்ஜின் தட்டும், பிஸ்டன் போயிரும். ஊசி வளைவுல மெதுவா ஏறுறப்ப இழுக்கணும், அதுக்குச் சின்னதே போதுங்க. ஏறுறதப் பத்தியே யோசிக்கிறீங்க தொரை. எறங்குறதுக்கு அதே பழைய பிரேக்குதான் இருக்கு."

என் வாழ்நாளில் ஒரு துரையிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"போன ஞாயிறு நீ நல்லதுன்னு சொன்ன."

"அது பொய்ங்க தொரை."

"ஏன் பொய் சொன்ன?"

"தொரைகிட்ட அப்படித்தாங்க சொல்லுவோம். எல்லாருந்தாங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் என்ன பொய்? சொல்லு" என்றார். ஒன்றைச் சொல்லிவிட்டேன், இனி என்ன என்கிற நிலைக்கு நான் வந்திருந்தேன். "தொரையோட நாய் நல்ல நாய்னு சொன்னோங்க. அது ஆளுங்களக் கடிக்குதுங்க. தொரை தமிழ் நல்லாப் பேசுறீங்கன்னு சொன்னோங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பத்து நாள் ஃபாக்டரிப் பக்கம் கார் வரவில்லை. ஆபீசிலிருந்து யார் நடந்து வந்தாலும் பத்துச்சீட்டோடுதான் வருகிறார் என்று தோன்றும். மனைவியை முகம் பார்த்துப் பேச முடியவில்லை. அவளோ என்னைவிடத் தைரியமாக இருந்தாள், இல்லை, அப்படி நடித்தாள். பெரிய டிரங்குப் பெட்டியைச் சும்மா துடைக்கிறேன் என்று இரண்டு தடவை துடைத்து வைத்தாள். பதினோராம் நாள் ஆபீஸ் கிளாக்கர் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். கையைக்கூடத் துடைக்காமல் போனேன். அவர் மேசையில் இருந்தது சின்ன மெஷினுக்கு எழுதி இன்னும் அனுப்பாத ஆர்டர். அதன் மேல் பென்சிலில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. கிளாக்கர் ஐயாவே படித்துச் சொன்னார்: பெல்ட் எத்தனை போட வேண்டும் என்று இன்ஜின் ரூம்காரனைக் கேட்டு எழுதவும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு என்றேன்.

பெட்டி பண்டாரவளை ஸ்டேஷனுக்கு வந்து சேர மாதக்கணக்கானது. மாட்டுவதற்கு மூன்று ஞாயிறு பிடித்தது. பெல்ட் ஓடும் இரண்டு கப்பிகளும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று ஃபாக்டரியில் பார்ப்பது போலவே நூல் பிடித்துப் பார்த்தேன். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சின்னத்துரை தரையில் மல்லாந்து கிடந்தார். அதற்கிடையில் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டிருந்தார். பந்தயத்தில் அவர் பிறகு ஜெயித்தாரா என்றால், இல்லை. ஆனால் பக்கத்துத் தோட்டத்தாரை முந்தினார், அவருக்கு அது போதுமாக இருந்தது.

காரை முதன்முதல் ஓட்டிப் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலை, பெரட்டு நேரத்தில். களத்தில் ஆட்கள் எல்லாம் நிற்கிறார்கள். வேலை மேய்க்கும் கங்காணிமார், கூடையோடு என் மனைவி, எல்லாரும். சின்னத்துரை இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்துச் சீட்டைக் கையால் தட்டி என்னைப் பார்த்தார்.

"ஏறு."

துரையின் பக்கத்தில் எங்களில் யாரும் உட்கார்ந்ததில்லை. களமே என்னைப் பார்த்தது.

"வேணாங்க தொரை" என்றேன்.

அவர் இன்ஜினை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்து, வார்த்தைகளைத் தேடித் தேடிக் கோத்து, மெதுவாகக் கேட்டார்:

"இது உண்மையா, பொய்யா?"

"பொய்ங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.